சிங்கப்பூர் போகும் கூடலூர் தம்பிக்கு

தம்பி, கட்டட வேலைக்கு பெர்மிட் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். வேலையில் அடிபட்டால் கம்பெனி இன்சூரன்ஸை நம்பலாமா, இனி எல்லாம் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும் என்கிறார்களே, சாப்பாடும் ரூமும் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டரிங் சாம்பார் கொஞ்ச நாளில் பழகிவிடும். ரூம் கம்பெனி காட்டுகிற இடம்தான், அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. இன்சூரன்ஸுக்கு வருகிறேன்.

சிங்கப்பூரின் வேலைக் காய நஷ்டஈட்டுச் சட்டம் நல்ல சட்டம். உடலுழைப்பு வேலை என்றால், சம்பளம் எவ்வளவு என்று பார்க்காமல் முதலாளி இன்சூரன்ஸ் எடுத்தே ஆகவேண்டும். அந்தப் பணத்தை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. தப்பு யார் மேல் என்ற கேள்வியும் பெரும்பாலும் கிடையாது. 2025 நவம்பரிலிருந்து உயிர் போனால் அதிகபட்சம் 2,69,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வைத்தியத்துக்கு 53,000 வெள்ளி வரை.

மாறிக்கொண்டிருப்பது வேறு இடத்தில். 2020 செப்டம்பரில் வந்த புதிய சட்டத்துக்கு அப்புறம், இன்சூரன்ஸ் கம்பெனிகள் எந்த சைட்டில் என்ன காயம், எவ்வளவு கொடுத்தோம் என்று அரசுக்குக் கணக்குக் கொடுக்கின்றன. விபத்து அதிகமான முதலாளிக்கு பிரீமியம் ஏறட்டும் என்பது திட்டம். கம்ப்யூட்டர் கூடக்கூட இந்தக் கணக்கு இன்னும் நுணுக்கமாகும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சைட்டில் என்ன நடக்கும்? பிரீமியம் ஏறக் கூடாது என்பதற்காகக் காயத்தையே மறைக்கப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டருக்கு எழுதியதுதான் தெரியும், எழுதாத விரல் தெரியாது.

நான் போன புதிதில் பக்கத்துக் கட்டிலில் சின்னமனூர்க்காரர் ஒருவர். கிரைண்டர் வீல் உடைந்து நடுவிரல் நகத்தோடு பிளந்துவிட்டது. கம்பெனி ஆள் கிளினிக்குக்குக் கூட்டிப் போய், "பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று சொல்" என்றான். அதைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னது யார் தெரியுமா? நம்ம ஊர்ப்பக்கத்து சீனியர். "பிரச்சினை பண்ணினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று கூடவே ஒரு புத்திமதியும். இரண்டு நாள் எம்சி (டாக்டர் எழுதித் தரும் லீவு), மூன்றாம் நாள் வேலை. விரல் வளைந்தபடியே ஆறிவிட்டது, ஒரு காசு வரவில்லை. முதலாளிகளைவிட இந்த மாதிரி சீனியர்களிடம்தான் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். முன்னால் வந்ததையே பெரிய தகுதியாக நினைப்பவர்கள்.

இப்போது ஒரு நாள் எம்சி, ஏன், லேசான வேலை கொடுங்கள் என்று டாக்டர் எழுதினாலே முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். எம்சி நாட்களுக்குச் சம்பளமும் உண்டு: 14 நாள் வரை முழுச் சம்பளம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் 60 நாள் வரை, அதற்குமேல் மூன்றில் இரண்டு பங்கு. எங்கே, எப்போது, எதனால் அடிபட்டது என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். காயத்தையும் இடத்தையும் போனில் படம் எடுங்கள். எம்சி சீட்டின் படத்தை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நஷ்டஈடு கேட்க விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் இருக்கிறது, அதற்காக அதுவரை காத்திருக்க வேண்டாம்.

இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். இப்போதெல்லாம் சைட்டில் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் (வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்) தமிழிலும் அரைகுறை வங்காளத்திலும் பேசுவது நான்தான்.

இப்போது லீவில் கூடலூரில்தான் இருக்கிறேன். வெள்ளென குமுளி ரோட்டில் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை அள்ளிக்கொண்டு ஜீப்புகள் போகின்றன. பின்பக்கம் தொங்குகிற கம்பியைப் பிடித்தபடி என் அம்மாவும் அப்படித்தான் போய்வந்தார். மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்தால் அது வேலை விபத்தா, வெறும் சாலை விபத்தா என்று நம்ம ஊரில் வழக்குப் போட்டு இழுப்பார்கள். இந்தியாவில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வேலைக்குப் போகும் வரும் வழியில் நடக்கும் விபத்தையும், வேலையோடு தொடர்பு இருந்தால், சேர்க்கிறது. சிங்கப்பூரில் கம்பெனி லாரியில் போகும்போது அடிபட்டாலும் கணக்கில் வரும். சாப்பாடு டெலிவரி ஓட்டுபவர்களுக்கும் 2025 ஜனவரியிலிருந்து அங்கே காப்பீடு உண்டு. கம்பெனி கேட்டுக்கு உள்ளே மட்டும் இருந்த இன்சூரன்ஸ் ரோட்டுக்கு இறங்கிவிட்டது, இனியும் அந்தப் பக்கம்தான் போகும் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த ஜீப்பில் போகிறவர்களில் எத்தனை பேர் பெயர் தோட்டத்துப் பேரேட்டில் இருக்கும்? அம்மாவின் பெயர் இருந்ததே இல்லை. ஆள் கூட்டிப் போகிற டிரைவருக்கு மட்டும்தான் அவரைத் தெரியும்.

கிளம்பும் முன் ஐபிஏ (பெர்மிட்டுக்கான முன்அனுமதி) கடிதத்தின் தமிழ்ப் பிரதியை வாங்கி, அடிப்படைச் சம்பளம் ஏஜென்ட் சொன்னதுதானா என்று பாருங்கள். அங்கே போனதும் மாதாமாதம் பேஸ்லிப்பை எடுத்து வையுங்கள், ஓடி (ஓவர்டைம்) பணம் உட்பட. நஷ்டஈட்டை உங்கள் மாத வருமானத்தை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். ஏஜென்ட் கமிஷன் பற்றி இப்போது எழுதினால் எனக்கு பிபி ஏறும், அதை நேரில் பேசுவோம்.