அணைக்குக் கீழே இளவேனில் டிரௌட்: கேள்வி பதில்

செப்டம்பர் பள்ளி விடுமுறையில் (அப்போது அங்கே இளவேனில் தொடக்கம்) ஆஸ்திரேலியாவுக்கோ, மார்ச் விடுமுறையில் அமெரிக்காவுக்கோ டிரௌட் மீன் பிடிக்கச் செல்லவிருக்கும் சிங்கப்பூர் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளில், அணையின் கட்டுப்பாட்டில் ஓடும் ஆறுகளைப் பற்றியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஈசூன் அன்பர்: ஐயா, செப்டம்பர் முதல் வாரத்தில் விக்டோரியாவின் ஈல்டன் அணைக்குக் கீழே கோல்பர்ன் ஆற்றுக்குச் செல்கிறோம். பருவம் தொடங்கியதுமே போவது வீணாகிவிடுமா?

வீணாகாது. விக்டோரியா ஆறுகளில் டிரௌட் பிடிக்கத் தடை ஜூன் மாதத்தில் மன்னர் பிறந்தநாள் வார இறுதியோடு தொடங்குகிறது. செப்டம்பர் முதல் சனிக்கிழமை பருவம் திறக்கிறது. நம் பிள்ளைகளின் ஒரு வார விடுமுறையும் அதை ஒட்டியே வருகிறது. அணையில்லாத மலையாறுகளில் அந்த நேரத்தில் மழைநீரும் உருகிய பனியும் சேர்ந்து ஓடுவதால் தண்ணீர் கலங்கி, மீன் இரை எடுக்காமல் அடியில் ஒதுங்கிக் கிடக்கும். கோல்பர்னில் நிலைமை வேறு. குளிர்கால மழையை ஈல்டன் ஏரி வாங்கி வைத்துக்கொள்கிறது. பாசனத் தேவை இன்னும் கூடியிராததால் அணையிலிருந்து வெளியேறும் நீர் பெரும்பாலும் குறைவாகவும் தெளிவாகவும் இருக்கும். இறங்கி நடந்து மீன் பிடிக்கலாம். கோடையில்தான் வயல்களுக்காக ஆறு கரை ததும்ப ஓடுகிறது.

ஆனால் ஏரி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். 2022 அக்டோபரில் கோல்பர்ன் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியதை நினைவில் வையுங்கள். ஆகவே விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் வானிலை அறிக்கையைவிட ஏரியின் கொள்ளளவில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அங்கே இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டால், ரூபிகான், அக்கரான் போன்ற துணையாறுகள் கலங்கல் நீரைக் கொண்டுவந்து சேர்க்கும் இடங்களுக்கு மேலே, அணைப் பக்கமாக நகர்ந்துவிடுங்கள்.

தெம்பனிஸ் அன்பர்: நீர் வெளியேற்றத்தை ‘நாளொன்றுக்கு இத்தனை மெகாலிட்டர்’ என்று போடுகிறார்கள். அதை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு மெகாலிட்டர் என்பது பத்து லட்சம் லிட்டர். ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் சுமார் இரண்டரை மெகாலிட்டர் இருக்கும். நாளொன்றுக்கு 1,000 மெகாலிட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 11.6 கன மீட்டர். அமெரிக்காவில் நொடிக்கு இத்தனை கன அடி என்பார்கள். ஒரு கன அடி 28.3 லிட்டர். எண்ணைவிட அதன் போக்கு முக்கியம். சில நாள்களாக ஒரே அளவில் ஓடும் ஆற்றில், நீர் சற்று அதிகமாக இருந்தாலும், மீன் தன் இடத்தில் நிலைத்து இரை எடுக்கும். ஒரே நாளில் ஏறி இறங்கும் ஆற்றில் அது இடம் தேடுவதிலேயே நேரத்தைக் கழிக்கும்.

பிடோக் அன்பர்: இங்கே நீர்த்தேக்கத்தில் பீக்காக் பாஸ் பிடித்துப் பழகியவன் நான். விடியற்காலையிலேயே ஆற்றுக்குப் போய்விட வேண்டுமா?

வேண்டாம், நிதானமாகப் பசியாறிவிட்டே போகலாம். டிரௌட் பொதுவாக 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நீரில் நன்றாக இரை எடுக்கும். இளவேனில் தொடக்கத்தில் நண்பகலை ஒட்டிய சில மணி நேரங்களில்தான் நீர் அந்த அளவை நெருங்குகிறது. பூச்சிகள் நீரடியிலிருந்து எழுவதும் அப்போதுதான். குளிர்ந்த நீரில் மீன் இரையைத் துரத்தாது; செயற்கை இரையை (லூர்) வீசி இழுக்கும் உங்கள் பழக்கத்தை இங்கே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். வேக ஓட்டமும் மந்த ஓட்டமும் உரசும் கோட்டை ஒட்டி, 18 முதல் 22 எண் வரையுள்ள சிறு கொக்கியில் கட்டிய நிம்ஃபை (நீரடிப் பூச்சியின் இளம்பருவத்தைப் போன்ற செயற்கை ஈ) ஆற்றுத் தரையைத் தொடாத குறையாக, நீரோட்டத்தின் வேகத்திலேயே மிதக்க விடுங்கள். தூண்டில் நரம்பு இழுபட்டு அந்தச் செயற்கை ஈ குறுக்கே நகர்ந்தால் மீன் திரும்பிக்கூடப் பார்க்காது.

உட்லண்ட்ஸ் அன்பர்: மார்ச்சில் மகனுடன் அமெரிக்காவின் வைட் ஆற்றுக்குச் செல்கிறேன். வானம் தெளிவாக இருந்தால் ஆற்றில் இறங்குவது பாதுகாப்பானதுதானே?

ஐயா, இதை மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன்: அணைக்குக் கீழே வெள்ளம் வருவதற்கு மழை தேவையில்லை. அந்த ஆற்றின் குறுக்கே ஆர்கன்சாவிலுள்ள புல் ஷோல்ஸ் அணையில் எட்டு மின்னாக்கிகள் இருக்கின்றன; மின் தேவை கூடும்போது அவற்றை ஒவ்வொன்றாக இயக்கி நீரைத் திறந்துவிடுவார்கள், முழங்கால் அளவு நீர் மார்பளவுக்கு ஏறிவிடும். எச்சரிக்கைச் சங்கொலி அணைக்கு அருகில்தான் கேட்கும். பல கிலோமீட்டர் தள்ளி நிற்பவருக்கு நீர்தான் முதல் செய்தி. இறங்குவதற்கு முன் கரையோரத்தில் பாதி நனைந்து பாதி உலர்ந்திருக்கும் கல்லொன்றைக் குறித்துக்கொண்டு அடிக்கடி அதைப் பாருங்கள். அது மூழ்கினாலோ, சருகும் பாசியும் திடீரென மிதந்து வந்தாலோ, கையிலிருக்கும் மீனை விட்டுவிட்டுக் கரையேறுங்கள். கார் நிற்கும் கரையிலேயே இருங்கள். ஆற்றைக் கடக்க வேண்டாம். மகனின் நீர்புகாக் கால்சட்டைக்கு மேல் இடுப்புப் பட்டை இறுக்கமாக இருக்க வேண்டும். அன்றைய மின் உற்பத்தி அட்டவணையைப் பாருங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி மகனை நடு ஆற்றில் நிறுத்தாதீர்கள்.

தோ பாயோ அன்பர்: ஆற்றடியில் வெளிறிய வட்டமாகச் சரளைக்கல் தெரிந்தது. அது என்ன?

முட்டையிட்ட இடம். ரெயின்போ டிரௌட் வகையில், குளிர்கால இறுதியிலும் இளவேனிலிலும் பெண் மீன் வாலால் பாசி நீக்கிக் குழி பறித்து முட்டையிடுகிறது. மிதிக்காமல் விலகிச் செல்லுங்கள். அங்கே நிற்கும் மீனுக்குத் தூண்டில் போடாதீர்கள்.

பொங்கோல் அன்பர்: ஆற்றில் இறங்கப் போடும் இதே காலணிகளை நியூசிலாந்துக்கும் கொண்டுபோகலாமா?

கம்பளி போன்ற ஃபெல்ட் அடிப்பாகம் உள்ள காலணிகளுக்கு அங்கே 2008 முதல் தடை. ஈரமான கருவிகளில் ஒட்டி ஆற்றுக்கு ஆறு பரவும் டிடிமோ என்னும் பாசி அங்கே முதன்முதலில் 2004-இல் கண்டுபிடிக்கப்பட்டதும் அணைக் கட்டுப்பாட்டிலுள்ள கீழ் வையாவ் ஆற்றில்தான். ரப்பர் அடியுள்ள காலணியைக்கூடப் பாத்திரம் கழுவும் திரவம் 5 சதவீதம் கலந்த நீரில் கழுவுங்கள். தொட்டால் உலர்ந்ததாகத் தெரிந்த பிறகும் மேலும் 48 மணி நேரம் காயவிடுங்கள். நம் ஈரக்காற்றில் கயிற்றுத் துளைகளும் நாக்கின் உள்மடிப்பும் கடைசியாகத்தான் உலரும். அவற்றை விரித்துவிட்டு மின்விசிறிக்கு முன்னே வையுங்கள். நுழைவுப் படிவத்தில் மீன்பிடிக் கருவிகளை மறக்காமல் அறிவியுங்கள்.