கலகக் காலத்து நோட்டு: கேள்வி-பதில்

'பயாஃப்ரா ஒரு பவுண்டு, இல்லாமல் போன நாட்டின் பணம், உலகத்திலேயே அபூர்வம்' என்று ஃபிரேம் போட்டு 4,500 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். விலை சரியா?
வாசகர், கும்பகோணம்

ரொம்ப அதிகம். நோட்டு அசலாக இருக்கலாம். அபூர்வம் என்பதுதான் பொய்.

நைஜீரியாவின் கிழக்குப் பகுதி 1967 மே மாதம் பயாஃப்ரா என்று தனிநாடு அறிவித்தது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1968 ஜனவரியில், நைஜீரியா தன் நோட்டுகளை மாற்றியது. பயாஃப்ரா மக்கள் கையிலிருந்ததெல்லாம் செல்லாக்காசாகும் நிலை. அதனால் அவசரமாகச் சொந்த நோட்டு வெளியிட்டார்கள். 1970 ஜனவரியில் பயாஃப்ரா சரணடைந்தது, அந்த நோட்டும் செத்தது. வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் அப்புறம் கைக்கு வந்தது வெறும் 20 நைஜீரியப் பவுண்டு. உண்மையில் ஏமாற்றப்பட்டவர்கள் அவர்கள்தான்.

ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பழைய நோட்டின் விலை, எத்தனை தாள் மிஞ்சியிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நிலைத்த அரசு தன் பழைய நோட்டைத் திரும்ப வாங்கி அழித்துவிடும். தோற்ற அரசின் நோட்டை வாங்கிக்கொள்ள ஆளில்லை. என்றாவது செல்லும் என்ற நம்பிக்கையில் ஜனங்கள் பெட்டியில் வைத்தது அப்படியே தங்கிவிட்டது. பயாஃப்ராவின் ஒரு பவுண்டு இன்றும் சேகரிப்பாளர்களிடம் சல்லிசாகக் கிடைப்பது இதனால்தான். ஆனால் விற்பவர்கள் போரையும் பஞ்சத்தையும் சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். பட்டினியில் செத்த குழந்தைகளைக் காட்டிக் காசு பார்ப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதே நோட்டு, அதே நிலையில், வேறு இரண்டு மூன்று பேரிடம் என்ன விலை என்று கேட்காமல் இனி வாங்காதீர்கள்.

ஜெனரல் கார்டன் கையெழுத்துள்ள கார்ட்டூம் முற்றுகை நோட்டு அசல் என்று இணையத்தில் வாங்கினேன். இப்போது சந்தேகம். விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கிறார்.
வாசகி, திருவாரூர்

சூடானில் மஹ்தி என்ற மதத்தலைவரின் கலகப்படை கார்ட்டூம் நகரைச் சூழ்ந்தபோது, உள்ளே இருந்த பிரிட்டிஷ் தளபதி கார்டன் வெளியிட்டவை அவை. தேதி 1884 ஏப்ரல் 25. சிலவற்றில் அவரே கையெழுத்திட்டார், மற்றவற்றில் கையெழுத்தைப் பிரதி எடுத்துப் பதித்தார்கள். இரண்டுமே அசல்தான். போலியும் நிறைய உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் கையெழுத்தைப் பாருங்கள். மைக்கோடு தொடர்ச்சியாக ஓடவேண்டும். வண்ணப் புள்ளிகளாகச் சிதறினால் இந்தக் காலத்து அச்சு. தஞ்சாவூரில் ஒரு கடையில் நான் வாங்கியதும் லென்ஸில் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது. அசல் என்று சத்தியம் பண்ணிய கடைக்காரர், பில் இல்லை என்று கைவிரித்துவிட்டார்.

உங்களிடம் ஆதாரம் இருக்கிறது, விடாதீர்கள். விளம்பரப் படம், உரையாடல், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் சேமியுங்கள். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் வழக்கை நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போடவேண்டும்.

ஒரு கட்டு பழைய நோட்டை 15,000 ரூபாய்க்கு வாங்கினேன். பில் வாங்கவில்லை, பிரித்தும் பார்க்கவில்லை. விற்றால் லாபம் வருமா?
வாசகர், மன்னார்குடி

வராது. நெல்லைக்கூட ஒரு கை அள்ளிப் பார்க்காமல் வாங்கமாட்டீர்கள். இதை ஏன் பிரிக்காமல் வாங்கினீர்கள்?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்கள் அடித்த 100 டாலர் நோட்டு இரண்டு வாங்கினேன். இரண்டிலும் ஒரே எண், ஒரே கையெழுத்து.
வாசகர், மயிலாடுதுறை

நகல். அசலில் எண்ணையும் கையெழுத்தையும் ஆள் உட்கார்ந்து பேனாவால் எழுதினார்கள்.

தாத்தா மலேயாவிலிருந்து கொண்டுவந்த வாழைமரம் போட்ட 10 டாலர் நோட்டுகள் இருக்கின்றன. லட்சக்கணக்கில் தருவதாகச் சொன்னவர், ரிசர்வ் வங்கிப் பதிவுக்கட்டணம் என்று 2,500 வாங்கிவிட்டு இப்போது 8,000 கேட்கிறார்.
வாசகி, நாகப்பட்டினம்

ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். உங்கள்மேல் தப்பில்லை அம்மா, இது நன்றாகப் பழகிய மோசடி. பழைய நோட்டு வாங்கி விற்பதில் தனக்குத் தொடர்பில்லை, அதற்குக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021-லேயே எச்சரித்திருக்கிறது. இன்றே 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணுக்கு போன் போட்டுப் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு.

உங்களிடம் இருப்பது, இரண்டாம் உலகப்போரில் மலேயாவைப் பிடித்த ஜப்பான் அங்கே வெளியிட்ட ஆக்கிரமிப்புப் பணம். மலிவாகக் கிடைப்பதுதான், லட்சம் போகாது. தாத்தாவின் சம்பாத்தியம், பத்திரமாக வையுங்கள். லேமினேட் மட்டும் பண்ணாதீர்கள்.