வாட்ஸ்அப் மெசேஜ், போன் பதிவு, மறைத்த சம்பளம்: குடும்ப நல நீதிமன்றத்தில் நிரூபிப்பது எப்படி?

கேள்வி: விவாகரத்து வழக்கும் ஜீவனாம்ச மனுவும் நடக்கின்றன. கணவர் மிரட்டிய வாட்ஸ்அப் மெசேஜ்களும் போன் பதிவுகளும் என்னிடம் இருக்கின்றன. அவருக்குத் தெரியாமல் பதிவு செய்ததால் செல்லாது என்கிறது எதிர்த்தரப்பு. சம்பளத்தையும் குறைத்துக் காட்டியிருக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

முதலில் பயத்தை விடுங்கள். குடும்ப நல நீதிமன்றத்தில் ஓர் ஆவணத்தை உள்ளே கொண்டுவருவது ஓரளவு சுலபம்தான். குறுக்கு விசாரணையில் அது தாக்குப்பிடிக்குமா என்பதில்தான் முழு கவனமும் இருக்க வேண்டும்.

குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டம், 1984இன் 14ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பிரச்சினையைத் தீர்க்க உதவும் என்று நீதிபதி கருதினால், சாட்சியச் சட்டப்படி ஏற்க முடியாத ஆவணத்தையும் அவர் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சலுகை குடும்ப நல நீதிமன்றத்துக்கு மட்டும். உங்கள் ஊரில் அது இல்லாமல் சார்பு நீதிமன்றத்தில் வழக்கு நடந்தால், சாட்சியச் சட்டத்தின் எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றத் தயாராக இருங்கள். பலரும் இதைக் கவனிப்பதில்லை.

கணவன் மனைவிக்கு இடையே நடந்த பேச்சின் ரகசியப் பதிவு பற்றி உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 14 அன்று விபோர் கார்க் எதிர் நேஹா வழக்கில் தீர்ப்பளித்தது. தம்பதிக்குள் நடக்கும் வழக்கில் அப்படிப்பட்ட பதிவைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம், தெரியாமல் எடுத்தது என்பதற்காகவே தள்ள வேண்டியதில்லை என்பது அதன் சாரம். எதிர்த்தரப்பு ஆட்சேபணைக்கு உங்கள் பதில் இதுதான்.

ஆனால் அதே துணிச்சலில் கணவரின் போனுக்குள் நுழைந்துவிடாதீர்கள். நீங்கள் பேசிய பேச்சு, உங்களுக்கு வந்த மெசேஜ் என்பது ஒரு கதை. அவர் மூன்றாம் நபரோடு பேசியதை உளவு செயலி போட்டு எடுப்பதும், பாஸ்வேர்டை உடைத்துப் பார்ப்பதும் வேறு கதை. அது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளில் உங்கள் மேலேயே புகாராகத் திரும்பலாம். சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024 அக்டோபரில், மனைவியின் அழைப்பு விவரங்களைக் கணவர் ரகசியமாக எடுத்துத் தாக்கல் செய்ததை அந்தரங்க உரிமை மீறல் என்று சொல்லி ஏற்க மறுத்தது. அழைப்பு விவரம் தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் மனுப் போட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்து வரவழையுங்கள். நிறுவனங்கள் அந்தப் பதிவை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் உரிம நிபந்தனை. அதன் பிறகு கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே சாட்சி விசாரணை வரும்வரை காத்திருக்காமல் ஆரம்பத்திலேயே மனுப் போடுங்கள்.

இனி சான்றிதழ். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்யும்போதே சான்றிதழும் இணைக்க வேண்டும் (பழைய சட்டத்தில் இது 65பி). அதற்கான படிவம் அட்டவணையில் இருக்கிறது. பகுதி அ-வை நீங்கள் நிரப்ப வேண்டும்: போனின் தயாரிப்பு, மாடல், சீரியல் எண், ஐஎம்இஐ எண், கோப்பின் ஹேஷ் மதிப்பு (விளக்கம் அடுத்த பத்தியில்). பகுதி ஆ-வில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். இந்த இரண்டாம் பகுதியை விட்டுவிட்டுப் பழைய 65பி வாசகத்தையே தட்டச்சு செய்து கொடுப்பதுதான் இப்போது அதிகம் நடக்கும் தவறு. அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் சொன்னபடி, அசல் போனையே அதன் உரிமையாளர் கூண்டேறிக் காட்டினால் சான்றிதழ் தேவையில்லை. ஆனாலும் இரண்டும் கையில் இருப்பது நல்லது. வழக்கு முடியும்வரை போன் உயிரோடு இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

ஹேஷ் மதிப்பு என்பது கோப்பின் கைரேகை. ஒரு காற்புள்ளி மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும். வாட்ஸ்அப்பில் 'எக்ஸ்போர்ட் சாட்' செய்தால் கிடைப்பது சாதாரண எழுத்துக் கோப்பு; யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தலாம். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். எனவே எக்ஸ்போர்ட் செய்த அன்றே எஸ்எச்ஏ-256 முறையில் ஹேஷ் எடுத்துத் தேதியோடு எழுதி வையுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டில் அடிக்கடி கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. மேலே 'ஹஸ்பண்ட்' என்று பெயர் மட்டும் தெரியும், எண் தெரியாது. அந்தப் பெயரில் யார் எண்ணை வேண்டுமானாலும் சேமித்திருக்கலாம் அல்லவா? பெயரைத் தொட்டு, எண் தெரியும் பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். தேதிக்கோடு தெரிய வேண்டும். மிரட்டலுக்கு முன்னும் பின்னும் வந்த மெசேஜ்களும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். உங்களுக்குச் சாதகமான நான்கு வரிகளை மட்டும் வெட்டி எடுத்தால், முழு உரையாடலை அவர்கள் கொண்டுவந்து, நீங்கள் திட்டிய வரிகளை நீதிபதி முன் படிக்கச் சொல்வார்கள். நீங்களே முழுவதையும் வைத்துவிட்டால் அந்த ஆயுதம் அவர்களிடம் இருக்காது.

ஆடியோவுக்கு எழுத்துவடிவம் கட்டாயம் தயார் செய்யுங்கள்: யார் பேசியது, எந்த நிமிடம், எந்த நொடி என்று. கேட்காத இடத்தில் 'தெளிவில்லை' என்றே எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். குரல் யாருடையது என்பதை நிரூபண வாக்குமூலத்திலேயே (எழுத்தில் தரும் உங்கள் சாட்சியம்) சொல்லிவிட வேண்டும். கோப்பை வாட்ஸ்அப்பில் வக்கீலுக்கு அனுப்பி, அங்கிருந்து பென்டிரைவுக்கு மாற்றாதீர்கள். அப்படிச் செய்தால் கோப்பின் பெயர் மாறும். படமாக இருந்தால் சுருங்கி, எடுத்த தேதியும் போய்விடும். போனிலிருந்து கேபிள் வழியாக நேரே பென்டிரைவுக்குப் போகட்டும். மறையும் மெசேஜ் வசதியை அணையுங்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள்.

அந்தரங்கப் படங்கள் கையில் இருந்தால் மனுவோடு சேர்த்துக் கட்டாதீர்கள். மூடிய உறையில் தாக்கல் செய்ய அனுமதி கேளுங்கள். மூடிய அறை விசாரணைக்குக் குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டத்தின் 11ஆவது பிரிவு இடம் தருகிறது. ஒரு தரப்பு விரும்பினாலே போதும்.

சம்பள விஷயத்துக்கு வருவோம். ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்கு (2020 நவம்பர் 4) பிறகு ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தாக வேண்டும். அவர் செய்யவில்லையென்றால் முதலில் அதைக் கேட்டு மெமோ போடுங்கள். செய்திருந்தால் வரி வரியாகப் படியுங்கள். சம்பளம் 25,000 என்று எழுதியவரின் கணக்கிலிருந்து மாதம் 32,000 வீட்டுக் கடன் தவணை போகிறதென்றால், அந்த ஒரு வரி நூறு குற்றச்சாட்டுகளைவிட வலுவானது. வழக்கு போட்ட மாதத்திலிருந்து சம்பளம் திடீரென்று குறைந்ததா, அம்மா அல்லது தம்பி கணக்குக்குப் பணம் போக ஆரம்பித்ததா என்று பாருங்கள்.

வங்கி ஆவணங்களுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 16இன்படி சம்மன் கேட்கலாம். மனுவில் வங்கி, கிளை, காலம் மூன்றும் இருக்க வேண்டும். 'எல்லா வங்கிக் கணக்குகளும்' என்று பொதுவாகக் கேட்டால் மனு தள்ளுபடியாக வாய்ப்பு அதிகம். வங்கியின் சான்றிட்ட நகலே 1891ஆம் ஆண்டு வங்கியாளர் கணக்கேடுகள் சாட்சியச் சட்டப்படி போதுமானது. பெரும்பாலும் மேலாளர் கூண்டேற வேண்டியதில்லை. சொத்து விஷயத்தில் தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கலாம், ஆனால் கிராமமும் சர்வே எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். அதனால் வீட்டில் பழைய வரி ரசீது, பத்திர நகல் ஏதாவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பிரமாணப் பத்திரத்தில் பொய் சொன்னது தெரிந்தால் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 379ஆவது பிரிவில் நடவடிக்கை கேட்டு மனுப் போடலாம்.

சமரச மையத்தில் பேசியதைப் பதிவு செய்யாதீர்கள். அங்கே பேசுவது ரகசியம். அதைச் சாட்சியமாகக் கொண்டுவந்தால் உங்கள் மேல்தான் கெட்ட பெயர் விழும். குழந்தை இருந்தால், "அப்பா என்ன செய்தார், சொல்லு" என்று கேட்டு வீடியோ எடுக்கவே எடுக்காதீர்கள். கேள்வி கேட்கும் உங்கள் குரல் அதிலேயே இருக்கும், சொல்லிக்கொடுத்தது என்று உடனே வாதிடுவார்கள், குழந்தைக்கும் அது பெரிய பாரம். குழந்தையின் விருப்பம் தெரிய வேண்டுமானால் தனி அறையில் பேசும்படி நீதிபதியிடமே கேளுங்கள்.