ஆறு மாடு வாங்கலாமா, இரண்டு போதுமா?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். நாலு கலப்பின மாடு வைத்திருக்கிறேன். எப்போதும் மூன்று கறவையில் இருக்கும். தினம் 30 லிட்டர் சங்கத்துக்கு ஊற்றுகிறேன், லிட்டருக்கு 36 ரூபாய் கிடைக்கிறது. இன்னும் ஆறு மாடு வாங்கச் சொல்லி வங்கியில் 6 லட்சம் கடன் தருகிறார்கள். 11 சதவீத வட்டி, ஐந்து வருடத் தவணை. போன வருடம் மாட்டுக்குப் பெரியம்மை (தோல் கழலை நோய்) வந்து ஒன்றைப் பறிகொடுத்தேன், இன்சூரன்ஸ் போடவில்லை. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. மதுரையில் வேலை பார்க்கும் மகனோ, "இந்த மாதிரி நோய் நாடு முழுக்க வந்தால் பொருளாதாரமே படுத்துவிடும், நான் மாதம் 3,000 ரூபாய் போடுகிற மியூச்சுவல் ஃபண்டை நிறுத்திவிடவா?" என்று கேட்கிறான். கையில் 80,000 ரூபாய் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, முதலில் மகனின் கேள்வியைப் பார்த்துவிடுவோம். உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

மாட்டு நோய் ஒரு நாட்டையே ஆட்டிவைக்குமா என்றால், ஆட்டிவைத்திருக்கிறது. 2001 பிப்ரவரியில் பிரிட்டனில் கோமாரி வந்தது. நாம் காணை என்கிறோமே, அதேதான். அதை அடக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்றார்கள். மே மாதம் எதிர்பார்த்த பொதுத்தேர்தல்கூட ஜூனுக்குத் தள்ளிப்போனது. மொத்த நஷ்டம் சுமார் 800 கோடி பவுண்டு. செத்த மாட்டின் விலை மட்டும் இவ்வளவு வராது. நோய் பரவக் கூடாதென்று கிராமப்புற நடைபாதைகளை அடைத்தார்கள், சுற்றுலா வருகிறவர்கள் நின்றுபோனார்கள். வாழ்நாளில் ஒரு மாட்டைத் தொட்டுப் பார்க்காத விடுதிக்காரரும் டீக்கடைக்காரரும் வருமானம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

சீனாவில் வேறு கதை. 2018 ஆகஸ்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த வருடம் நவம்பரில் பன்றிக்கறி விலை இரண்டு மடங்கைத் தாண்டி, நாட்டின் மொத்தப் பணவீக்கத்தையே 4.5 சதவீதத்துக்கு இழுத்துப்போனது. தைவானில் 1997-இல் கோமாரி வந்ததும் ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்த பன்றிக்கறி ஏற்றுமதி அப்படியே நின்றது. தடுப்பூசி போடாமலே கோமாரி இல்லாத நாடு என்ற பெயரை அவர்கள் திரும்ப வாங்க 2020 ஆகிவிட்டது.

இந்தியாவில் 2022-இல் பெரியம்மை, அதாவது தோல் கழலை நோய், குஜராத், ராஜஸ்தான் பக்கம் வெறியாட்டம் ஆடியது. ஒன்றரை லட்சம் மாடுகளுக்கு மேல் செத்தன. அந்த ஆண்டு பால் விலையும் பலமுறை ஏறியது. தீவன விலை போன்ற வேறு காரணங்களும் அதில் உண்டு. ஆனால் நாட்டின் வளர்ச்சி விகிதம் அதனால் சறுக்கவில்லை. காரணம், நம் ஊரில் நஷ்டம் ஒரே இடத்தில் விழுவதில்லை. இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருக்கிற லட்சக்கணக்கான தொழுக்களில் சிதறி விழுகிறது. கோமாரியால் மட்டும் நம் நாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 20,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று கால்நடை ஆராய்ச்சித் துறையில் ஒரு கணக்கு சொல்வார்கள். எந்தக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலும் அந்தத் தொகை பெரிதாகத் தெரியாது. உங்களைப் போன்றவர்களின் பால் அட்டையில்தான் தெரியும்.

அதனால் மகன் போடுவது பல துறைப் பங்குகளில் முதலீடு செய்கிற சாதாரண ஃபண்ட் என்றால், மாட்டு நோய்க்காக அதை நிறுத்தத் தேவையில்லை. சொல்லப்போனால் உங்கள் வீட்டில் மாட்டை நம்பாத ஒரே சேமிப்பு அதுதான். ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: நன்றாகப் போகிறது என்று யாராவது பால் கம்பெனிப் பங்கைக் காட்டினால், உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம். தொழுவில் அடி விழுகிற அதே மாதம் அதிலும் அடி விழலாம்.

சரி, கடனுக்கு வருவோம்.

தீவனம், மருந்து, சினை ஊசி எல்லாம் சேர்த்து வரவில் மூன்றில் இரண்டு பங்கு போகிறது என்று வைத்துக்கொள்கிறேன். இன்று உங்களுக்கு மாதம் 32,400 ரூபாய் வரவு, கையில் நிற்பது 10,800. பத்து மாடு ஆனால், இதே விகிதத்தில் தினம் 75 லிட்டர். வரவு 81,000, செலவு 54,000, மிச்சம் 27,000. அதில் 6 லட்சத்துக்கான தவணை சுமார் 13,050 போனால் 13,950 நிற்கும். ஆறு மாட்டுக்குச் சாணி அள்ளி, புல் அறுத்து, விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து, ஐந்து வருடத்துக்குக் கூடுதலாகக் கிடைப்பது மாதம் 3,000 சொச்சம்தான். தவணை முடிந்த பிறகு மாடுகள் உங்களுடையவைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் அவை நாலைந்து ஈத்துக் கண்டிருக்கும்.

இரண்டு மாடு மட்டும் வாங்கி 2 லட்சம் கடன் எடுத்தால் தவணை 4,350 ரூபாய். பழைய நாலோடு சேர்த்து ஆறு மாட்டில் தினம் 45 லிட்டர். தவணை போகக் கையில் 11,850 நிற்கும். 4 லட்சம் கூடுதல் கடனுக்கு வித்தியாசம் மாதம் 2,100 ரூபாய்.

இது நோயில்லாத மாதக் கணக்கு. காணை வந்தால் என்ன ஆகும்? பெரிய மாடுகள் பெரும்பாலும் சாவதில்லை, கன்றுகள்தான் போகும். 2013-இல் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் காணை பரவியபோது என் சித்தப்பா தொழுவில் பார்த்திருக்கிறேன். வாயெல்லாம் புண், எச்சில் நூல் நூலாக வடியும், தீவனத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கும், தின்ன முடியாது. பிழைத்த மாடும் வெயில் ஏறினால் மூச்சிரைக்கும், சினை நிற்கத் தாமதமாகும். பால் பழையபடி திரும்ப அடுத்த ஈத்து வரை காத்திருந்தார். ஒரு மாடுகூடச் சாகவில்லை. ஆனாலும் சித்தி நகை அடகுக்குப் போனது.

உங்கள் கணக்கில் போட்டுப் பார்க்கிறேன். பத்து மாடு இருக்கும்போது இரண்டு மாதம் பால் பாதியாகவும், மூன்றாம் மாதம் முக்காலாகவும் குறைகிறது என்று வையுங்கள். செலவு குறையாது, தவணையும் நிற்காது. மூன்று மாதத்தில் கைக்காசு சுமார் 60,000 ரூபாய் போகும். வைத்தியச் செலவு தனி. உங்களிடம் உள்ள 80,000 அதோடு கிட்டத்தட்டக் காலி. இதுவே மொத்தம் ஆறு மாடாக இருந்தால் துண்டு விழுவது 25,000 சொச்சம். மூச்சு விட இடம் இருக்கும், கந்து வட்டிக்காரர் வாசலுக்குப் போக வேண்டாம்.

"இந்தத் தடவை இன்சூரன்ஸ் போட்டுவிடுவேனே" என்பீர்கள். கட்டாயம் போடுங்கள். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தபடி பிரீமியத்தில் விவசாயி பங்கு 15 சதவீதம்தான், மீதி மத்திய, மாநில அரசுகளுடையது. ஒரு வீட்டுக்குப் பத்து மாடு வரை இந்தச் சலுகை உண்டு. ஆனால் சாதாரண பாலிசி மாடு செத்தால்தான் பணம் தரும். பால் நின்ற மூன்று மாதத்துக்கு ஒரு பைசா தராது. பிரிட்டனில் டீக்கடைக்காரர் எதில் அடிபட்டாரோ, நீங்களும் அதில்தான் அடிபடுவீர்கள். அந்த இடத்துக்கு உங்கள் கையிருப்புதான் இன்சூரன்ஸ். ஆகவே அந்த 80,000-இல் 50,000 ரூபாயைத் தனியாக வைப்புத்தொகையில் போட்டு, மகள் கல்யாணமே வந்தாலும் தொடாதீர்கள். கூடவே கால்நடை வளர்ப்புக்கான கிசான் கிரெடிட் கார்டுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். 2 லட்சம் வரை 7 சதவீத வட்டி, கெடுவுக்குள் கட்டினால் 4 சதவீதம்தான் ஆகும். தீவனத்துக்கும் மருந்துக்கும் அதில் எடுக்கலாம். நோய் வந்த பிறகு அலைந்தால் கார்டு வருவதற்குள் மாடு தேறிவிடும்.

தடுப்பூசியைப் பற்றிக் கேட்காமல் விட்டீர்கள். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசே இலவசமாகப் போடுகிறது. 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டம் அது. ஊசி போட்டால் இரண்டு மூன்று நாள் பால் குறையும் என்று பலர் மாட்டை ஒளித்துவைப்பதைப் பார்த்திருக்கிறேன். தினம் 5 லிட்டர் வீதம் மூன்று நாள் குறைந்தால் 540 ரூபாய். அதை மிச்சம்பிடிக்கப் போய் 60,000-க்கு வாசலைத் திறந்துவைப்பது என்ன கணக்கோ எனக்குப் புரியவில்லை. பெரியம்மைக்கும் ஆட்டம்மைத் தடுப்பூசியைப் போடுகிறார்கள், கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். சந்தையிலிருந்து வாங்கி வரும் மாட்டை மூன்று வாரம் உங்கள் மாடுகளோடு கட்டாமல் தனியாகக் கட்டுங்கள். ஆறு மாட்டை ஒரே லாரியில் இறக்கினால் இதற்கு இடம் இருக்காது. இரண்டு என்றால் புளியமரத்தடி போதும்.

என் யோசனை இதுதான்: இப்போது 2 லட்சம், இரண்டு மாடு. ஒரு வருடம் தவணை தவறாமல் போய், கையிருப்பு 1 லட்சத்தைத் தொட்டால் அடுத்த இரண்டு. வங்கியில் கடனைப் பிரித்துப் பிரித்துத் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மேலாளர் முகம் சுளித்தால் 2 லட்சத்துக்கே புது விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். கடன் மாட்டுக்குப் பெரும்பாலும் அவர்களே இன்சூரன்ஸ் போட்டுவிடுவார்கள். பாலிசியில் இருக்கும் எண்ணும் மாட்டின் காதில் மாட்டும் அடையாள வில்லையின் எண்ணும் ஒன்றுதானா என்று அன்றைக்கே சரிபார்த்துவிடுங்கள். வில்லை கழன்று விழுந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லி மறுவில்லை போட்டு, புது எண்ணை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பழைய நாலு மாட்டுக்கு வங்கி போடாது, அதை நீங்கள்தான் கேட்டுப் போட வேண்டும்.