1205 பிழையும் பூட்டுக் காத்திருப்பும்: கேள்வி பதில்

அக்கரைப்பற்று: எங்கள் அரிசி ஆலையின் கையிருப்பு மென்பொருள் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இயங்குகிறது. பெரும்போக அறுவடைக் காலத்தில், வேறொருவர் பூட்டிய நிரைக்காகக் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது என்னும் 1205 பிழை அடிக்கடி வருகிறது. காத்திருப்பு நேரத்தைக் கூட்டலாமா, ஐயா?

கூட்ட வேண்டாம். மைஎஸ்கியூஎலின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி இயல்பாகவே 50 விநாடி காத்திருந்த பிறகுதான் அந்தப் பிழையைத் தருகிறது; அவ்வளவு நேரம் பூட்டை யார் பிடித்து வைத்திருக்கிறார் என்பதையே நீங்கள் தேட வேண்டும். ‘சிஸ்’ தரவுத்தளத்திலுள்ள இன்னோடிபி லாக் வெயிட்ஸ் என்ற பார்வை, காத்திருப்பவரையும் மறிப்பவரையும் ஒரே நிரையில் காட்டும். மறிப்பவரின் கட்டளை வெறுமையாக இருந்தால், பரிவர்த்தனையை (ஒன்றாகவே முடிய வேண்டிய கட்டளைத் தொகுதியை) திறந்தவர் கொமிட் செய்யாமல், அதாவது அதை உறுதிசெய்து முடிக்காமல், சும்மா இருக்கிறார் என்று பொருள். லொறியின் எடை தெரியவரும் வரை பரிவர்த்தனையைத் திறந்தே வைத்திருந்த மென்பொருளை நான் பார்த்திருக்கிறேன்.

கல்முனை: ஒரு நிரையைத்தான் திருத்துகிறேன், மற்றவையும் பூட்டப்படுகின்றனவே?

நீங்கள் தேடும் அட்டவணை நிரலுக்கு (column) சுட்டி (index) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ரிப்பீட்டபிள் ரீட் என்ற இயல்பான தனிமைப்படுத்தல் நிலையில் வாசித்துச் செல்லும் நிரைகள் அனைத்தும் பூட்டப்படும்.

காத்தான்குடி: 120 விநாடியாக்கினால் சரிவருமா?

முதற் பதிலைப் படியுங்கள்.

ஏறாவூர்: 1205 வந்ததும் அதே கட்டளையை மீண்டும் இயக்கிக் கொமிட் செய்கிறேன். அது வெற்றி பெறாவிட்டாலும் கொமிட் நடந்துவிடுகிறது. இது சரியா, சேர்?

ஆபத்தானது. 1205 வரும்போது இயல்பாகக் கடைசிக் கட்டளை மட்டுமே மீளப்பெறப்படுகிறது (ரோல்பேக்). அதற்கு முன் செய்தவை அப்படியே இருக்கும். கையிருப்பைக் குறைத்துவிட்டுப் பற்றுச்சீட்டை எழுதும்போது பிழை வந்து, அதன் பின் கொமிட்டும் நடந்தால், நெல் குறைந்திருக்கும், பற்றுச்சீட்டு இருக்காது. ஆகவே முழுவதையும் நீங்களே ரோல்பேக் செய்து, சீரற்ற ஒரு சிறு இடைவெளி விட்டு, முதற் கட்டளையிலிருந்தே மறுபடி தொடங்குங்கள். இரண்டு மூன்று முயற்சிகளுக்கு மேல் வேண்டாம்.

கல்லடி: மன்னிக்கவும், இது தவறு. பிழை வந்ததும் பரிவர்த்தனை முழுவதும் பயனற்றதாகிவிடுகிறது. போஸ்ட்கிரெஸில் நானே சோதித்தேன்.

போஸ்ட்கிரெஸில் நீங்கள் சொல்வது உண்மைதான். அங்கு சேவ்பொயின்ட் (பரிவர்த்தனையின் நடுவே திரும்பக்கூடிய இடம்) இல்லாவிட்டால் ரோல்பேக் தவிர வேறு வழியில்லை. மைஎஸ்கியூஎலில் முழுவதையும் மீளப்பெறுவது 1213 என்ற முட்டுப்பூட்டுப் பிழை; பரிவர்த்தனைகள் ஒன்றையொன்று மறித்து நிற்கும்போது வருவது அது. இரண்டையும் ஒரே விதமாகக் கையாள்வதால்தான் கணக்குகள் தவறாகின்றன.

கல்லடி: ஆனால் எங்கள் மைஎஸ்கியூஎல் சேர்வரிலும் 1205க்கு முழுவதும் மீள்கிறதே?

அப்படியானால் ரோல்பேக் ஒன் டைம்அவுட் என்ற அமைப்பை யாரோ இயக்கியிருக்க வேண்டும், அல்லது உங்கள் நிரற்சட்டகம் (framework) தானாகவே ரோல்பேக் செய்துகொண்டிருக்க வேண்டும். இரண்டையும் பாருங்கள். அந்த அமைப்பு இல்லாத சேர்வருக்கு மென்பொருளை மாற்றும் நாளிலும் கணக்குச் சரியாக இருக்க, ரோல்பேக்கை உங்கள் மென்பொருளின் குறிமுறையிலேயே எழுதுங்கள்.

வாழைச்சேனை: ஒரக்கிளில் எப்படி?

அது என் துறையன்று. அதில் பழகியவரைக் கேளுங்கள்.

மட்டக்களப்பு: வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்பிய பிறகு கொமிட் செய்கிறேன். நேரத்தைக் கூட்டவா?

கூட்ட வேண்டாம். கொமிட் செய்த பிறகு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். இல்லையேல் மறுமுயற்சி நடக்கும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு இன்னொரு செய்தி போகும்.