மென்பொருளில் ஜூலியன் நாள் எண் எப்படிக் குறிக்கப்படுகிறது?

கி.மு. 4713 ஜனவரி 1 (ஜூலியன் நாட்காட்டிப்படி) நண்பகலிலிருந்து எத்தனை நாள் கடந்தது என்ற ஒற்றை எண்தான் ஜூலியன் நாள் எண். 2000 ஜனவரி 1 நண்பகல் (உலக நேரம்) 2451545.

வண்டியின் கிலோமீட்டர் மீட்டரைப் போல, இரண்டு அளவுகளைக் கழித்தாலே இடைவெளி வந்துவிடும். 2024 பிப்ரவரி 28-இன் எண் 2460369, மார்ச் 1-இன் எண் 2460371. வித்தியாசம் 2, லீப் ஆண்டுக்குத் தனிக் கணக்கு வேண்டாம். எண்ணை 7-ஆல் வகுத்து மீதி 0 வந்தால் திங்கள், 5 என்றால் சனி.

தேதி மட்டும் போதுமென்றால் முழு எண்ணாகச் சேமிக்கலாம். நேரமும் வேண்டுமென்றால் தசம பாகம் சேரும், பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நுழைகின்றன. நாள் நண்பகலில் தொடங்குவதால் நள்ளிரவு .5 ஆகிறது, 1970 ஜனவரி 1, 00:00 என்பது 2440587.5. தசமத்தை அப்படியே வெட்டினால் காலை நேரங்களுக்கெல்லாம் முந்தைய நாள் கிடைக்கும். முதலில் 0.5 கூட்டுங்கள், பிறகு வெட்டுங்கள்.

32 பிட் தசம எண்ணில் (float) இதை வைக்கவே கூடாது: அதன் துல்லியம் ஆறு மணி நேரம்தான்! 64 பிட்டில் சுமார் 40 மைக்ரோவினாடி. எஸ்கியூலைட் (SQLite) என்ற தரவுத்தள மென்பொருள் உள்ளுக்குள் இதையே மில்லிவினாடிகளாக்கி 64 பிட் முழு எண்ணில் வைத்துக்கொள்கிறது, நல்ல வழி.

24060 போன்ற, ஆண்டும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் சேர்ந்த எண்ணையும் பலர் ‘ஜூலியன் தேதி’ என்கிறார்கள். அது 2024-இன் 60-ஆம் நாளான பிப்ரவரி 29, ஜூலியன் நாள் எண் அல்ல.