சம்பளச் சீட்டில் யார் பெயர்?

அன்புள்ள ஐயா,
எங்கள் ஊருக்கு வின்ஃபாஸ்ட் கார் ஆலை வந்துவிட்டது. மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடிக்கப் போகிறான். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா, இல்லை வடக்கத்தியார்களை இறக்கிவிடுவார்களா? மின்சாரக் கார் நம் ஊரில் நிலைக்குமா?
மு., தூத்துக்குடி

அன்புள்ள மு.,

மின்சாரக் கார் நிலைக்குமா என்பது அதை வாங்குகிறவர் கவலை. வடக்கத்தியார் என்று எழுதும்போது கை கூசவில்லையா? உங்கள் ஊர்ப் பக்கம் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு இருக்கிறதா என்ன? சரி, விடுங்கள்.

வின்ஃபாஸ்ட்டின் வியட்நாம்காரர்கள் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி 2025 ஆகஸ்டில் ஆலையைத் திறந்துவிட்டார்கள். 3,000 முதல் 3,500 பேருக்கு வேலை என்கிறார்கள். இந்த மாதிரி எண்ணைக் கேட்டாலே எனக்குச் சென்னைக்குப் பக்கத்தில் ஃபோர்டு கார் செய்த மறைமலை நகர்தான் ஞாபகம் வரும். இனி இந்தியாவில் கார் செய்யப்போவதில்லை என்று ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது, அடுத்த வருடம் அங்கே கடைசிக் காரும் இறங்கியது. நிரந்தரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, சங்கம் வைத்துப் பேசி, இழப்பீட்டைக் கூட்டி வாங்கினார்கள். மற்றவர்கள்?

அந்தப் பக்கம் நான் சாப்பிடும் மெஸ்ஸில் ஒரு அக்கா பற்று நோட்டு வைத்திருந்தார். பையன்கள் பேருக்குப் பக்கத்தில் கம்பெனி பெயர் இருக்காது, காண்ட்ராக்டர் பெயர்தான் இருக்கும், ஏனென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது மாறும், பையன் மாறமாட்டான். கார் கம்பெனிக்கு உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறைகளில் இருந்தவர்கள் அவர்கள். மேலே ஆர்டர் நின்றதும் இவர்களுக்கு நோட்டீஸ்கூட வரவில்லை. திங்கட்கிழமை வேன் வரவில்லை, அவ்வளவுதான். அந்தப் பாக்கியில் பாதி அக்காவுக்கு இன்னும் வரவில்லை.

ஆகவே எத்தனை வேலை என்று கேட்காதீர்கள், எந்த வேலை என்று கேளுங்கள். அப்ரண்டிஸா, டிரெய்னியா, காண்ட்ராக்டா, நிரந்தரமா? டிரெய்னி என்றால் எத்தனை வருடம் டிரெய்னி? சம்பளச் சீட்டில் யார் பெயர், பி.எஃப். யார் கட்டுகிறார்கள்? மந்திரி மேடையில் சொல்லும் எண்ணிக்கையில் இது எதுவும் வராது, நீங்களும் கைதட்டிவிட்டு வந்துவிடுவீர்கள். இப்போது எஞ்சின் மட்டும் செய்ய ஃபோர்டு மறைமலை நகருக்கே திரும்பி வருகிறது, 600 பேருக்கு வேலையாம். அங்கேயும் இதைத்தான் கேட்பேன்.

தம்பி பயப்பட வேண்டாம், விண்ணப்பிக்கட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தக் காகிதத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவனே எழுதட்டும், நீங்கள் அல்ல.